தோட்டத்தில் ஆறு நாள்

ஸ்ரீராம்புரம்,
பெங்களூர்.
2-4-2025

மரியாதைக்குரிய வித்யாலட்சுமி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. அல்சூர் ஏரிப் பக்கத்து அபார்ட்மென்டில் தோட்ட மாலி வேலை பார்த்த நாராயணசாமியின் மனைவி சந்திரம்மா நான். வாட்ச்மேன் ஜெயராஜ் அண்ணன் கேட் ரிஜிஸ்டரைப் பார்த்து உங்கள் ஜோகுபாளையம் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். நம்பரும் கொடுத்தார். ஃபோனில் யாரிடம் பேச ஆரம்பித்தாலும் நாலாவது வார்த்தைக்கே வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் போய் இருபத்தைந்து நாள் ஆகிறது. காரியம் முடிந்து நான் மறுபடி கார்ப்பரேஷன் துப்புரவு வேலைக்குப் போகிறேன். தெருவில் மரத்தடியெல்லாம் ரோஸ் கலர் பூவாகக் கொட்டிக் கிடக்கிறது. அந்த மரத்துக்கு என்ன பெயர் என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசி வாரம் முழுக்க வீட்டில் உங்கள் பேச்சுதான். வேலையிலிருந்து வந்து காபி டம்ளரை வாங்கியதும் ஆரம்பிப்பார். “கேமரா மேடம் இன்னிக்கு ஒரு ஓணானுக்காக ரெண்டு மணி நேரம் மண்ணுல படுத்துக்குனு இருந்தாங்க சந்திரா” என்பார். பத்தொன்பது வருஷம் அந்தத் தோட்டத்தில் இருந்தார். அங்கே இருக்கிற குருவியையும் கீரியையும் பற்றி அவரிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

கேட்க வந்தது இதுதான். எங்களிடம் அவர் படம் என்று இருப்பது ஆதார் கார்டில் உள்ளது மட்டும். கல்யாண போட்டோ ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஊறிப் போய்விட்டது. மகள் வீணா ஃபோனில் எடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீங்கள் எடுத்ததில் எங்காவது ஓரத்தில் அவர் இருந்தால் ஒரு காப்பி கொடுங்கள். கை மட்டும் தெரிந்தாலும் போதும்.

உங்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? உங்களையும் இரண்டு மூன்று தேனீ கொட்டியதாகச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
நா. சந்திரம்மா


ஜோகுபாளையம்
11-4-2025

அன்புள்ள சந்திரம்மா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருந்தேன். என்னை மேடம் என்று கூப்பிடாதீர்கள். உங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள் நான்.

இத்துடன் பதினொரு படங்கள் வைத்திருக்கிறேன். எந்தப் படம் எந்த நாள் என்று பின்னால் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் விவரமும் சொல்கிறேன், வீணாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

யுகாதிக்குக் கிளப் ஹவுஸில் ‘நம் தோட்டத்தின் வசந்தம்’ என்று கண்காட்சி வைக்க அசோசியேஷன் செக்ரட்டரி ஓஸ்வால்ட் சார் என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒரு வாரம் என்று பேச்சு. திங்கட்கிழமை காலை நான் போனபோது அண்ணன் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் லென்ஸைப் பார்த்து இதில் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்டார். குல்மோகர் மரத்துப் பொந்தில் இருந்த குக்குறுவான் பறவையைக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. “மீசை வச்சிருக்குது மேடம்” என்றார். பத்தொன்பது வருஷமாகத் தினம் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம், அலகைச் சுற்றி முடி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாம். முதல் படத்தில் கேமராவுக்குப் பின்னால் குனிந்திருப்பது அவர்தான்.

செவ்வாய்க்கிழமை பி பிளாக் மாடிப்படி ஓரம். டிவி கேபிளில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. அதன்மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்துச் செடிகளுக்கு மட்டும் பக்கெட்டில் மொண்டு ஊற்றினார். படத்தில் கூடும் பக்கெட் பிடித்த கையும் இருக்கின்றன.

புதன்கிழமை பூச்சிமருந்து அடிக்க ஆள் வந்தான். எலுமிச்சைச் செடியில் வண்ணத்துப்பூச்சியின் புழு மூன்று இருந்தது. அதை இலையோடு கிள்ளித் தன் சாப்பாட்டு டப்பா மூடியில் வைத்துக்கொண்டு, மருந்து காய்கிறவரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். டப்பா மூடியோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிற படம் அது. முன்பல் ஒன்று இல்லாதது தெரிகிறது. நீங்கள் மாட்டி வைக்க அதுதான் சரியாக இருக்கும் என்று பெரிய அளவில் போட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை பம்ப் ரூமுக்குப் பின்னால் கீரியையும் அதன் குட்டிகள் இரண்டையும் காட்டினார். “சொல்ப இருங்க, வரும்” என்று சொல்லிச் சொல்லியே என்னை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். அன்றைக்கே ஒரு வல்லூறு வந்து பாக்கு மரத்திலிருந்து அணிலைத் தூக்கிக்கொண்டு போனது. நான் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்ததைப் பார்க்க அவர் வரவில்லை, கீழே சிந்தியிருந்த ரத்தத்தின்மேல் மண் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை தூங்குமூஞ்சி மரத்தில் இருந்த மலைத்தேன் கூடு. ஹெஜ்ஜேனு என்று அவர் கன்னடத்தில்தான் சொல்வார். மூன்றாவது மாடி உயரத்தில், ஒரு கதவு அகலத்துக்குத் தொங்கியது. எதற்காவது அது சிலிர்த்தால் தேனீக்கள் எல்லாம் சேர்ந்து அலை அடிப்பதுபோல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மினுங்கும். அந்தப் படத்தில் அவர் கையை நீட்டி எனக்குக் கூட்டைக் காட்டுகிறார்.

சனிக்கிழமைப் படங்களில் அனுப்பும்படியாக எதுவும் இல்லை.

அந்த ரோஸ் பூ மரத்தை டபிபூயா என்பார்கள். அண்ணன் அதை ‘மார்ச் மரம்’ என்றே சொன்னார்.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை அக்கா. கழுத்தில் இரண்டு, கையில் ஒன்று. ஆறிவிட்டது.

உங்கள் துக்கத்தில் பங்குள்ள,
வித்யா


ஸ்ரீராம்புரம்
17-4-2025

அன்புள்ள வித்யாவுக்கு,

மேடம் வேண்டாம் என்று நீ சொன்னபடியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. படங்கள் கசங்காமல் வந்தன. புதன்கிழமைப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். வீணா ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா செத்ததிலிருந்து அவள் அழவில்லை. அந்த மட்டில் உனக்குப் புண்ணியம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அசோசியேஷன் எங்களுக்கு ஒரு காகிதம் கொடுத்தது. இங்கிலீஷில் இருந்ததை வீணா படித்துச் சொன்னாள். காய்ந்த இலையைக் கொளுத்தினாராம், புகை போய்த் தேனீ கலைந்ததாம், அவருடைய கவனக்குறைவுதான் காரணமாம். சாட்சிக்கு இரண்டு சொல்லியிருக்கிறார்கள். பால்கனியிலிருந்து புகையைப் பலர் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது.

அந்தத் தீப்பெட்டியைக் கொடுத்தது நான். சனிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் அனுமார் கோயிலில் விளக்குப் போடுவார். அன்றைக்கு மறந்துவிட்டுக் கிளம்பினார். நான்தான் பின்னாலேயே தெருமுனை வரை ஓடிப் போய்ப் பையில் போட்டேன். அவருக்குப் பீடிகூடக் கிடையாது. நான் ஓடாமல் இருந்திருந்தால் அவரிடம் நெருப்பே இருந்திருக்காது.

வீணா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நான் அடுப்புப் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசினால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். என் தம்பி நாகேஷ் வாய்விட்டே சொல்கிறான், “மாமா கொஞ்சம் பார்த்து நடந்திருக்கலாம்” என்று. பத்தொன்பது வருஷம் தேனீயோடு இருந்தவருக்குப் புகை ஆகாது என்று தெரியாதா?

அன்றைக்கு நீ அங்கே இருந்தாய். அவர் இலையைக் கொளுத்தியதைப் பார்த்தாயா? பார்த்திருந்தால் பார்த்தேன் என்றே எழுது. எனக்குத் தாங்கும்.

அக்கா,
சந்திரம்மா


ஜோகுபாளையம்
24-4-2025

அன்புள்ள அக்கா,

அன்றைக்கு நான் உள்ளே இருந்தேன். வெளியே நடந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை. போலீஸிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தீப்பெட்டியை நினைத்து நீங்கள் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். எது எதனால் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெயில் ஏறிவிட்டது, பூவெல்லாம் ஒரே நேரத்தில் பூத்திருந்தது, அந்த மாதத்தில் தேனீக்கள் எப்போதும் கலங்கித்தான் இருக்கும்.

வீணாவின் படிப்புக்கு என்னால் ஆனதைச் செய்ய ஆசை. தயங்காமல் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்த இன்னொரு படம் கிடைத்தது, அதையும் வைத்திருக்கிறேன்.

வித்யா


ஸ்ரீராம்புரம்
2-5-2025

வித்யாவுக்கு,

வீணாவின் படிப்புக்கு ஒன்றும் வேண்டாம். அவள் பி.காம். கடைசி வருஷம், பரீட்சை நடக்கிறது.

நேற்று மே தினம், எனக்கு லீவு. ஜெயராஜ் அண்ணனைப் பார்க்க அபார்ட்மென்டுக்குப் போனேன். அவர் செக்ரட்டரிக்குப் பயந்த மனுஷர். ஆனாலும் தோட்டத்துக்குள் கூட்டிப் போய்க் காட்டினார். குப்பை இலையைச் சேர்க்கிற இடம் காம்பவுண்ட் சுவர் ஓரம் இருக்கிறது. அங்கே எரித்த அடையாளமே இல்லை. சிமெண்டு கருகியிருப்பது பம்ப் ரூம் கதவுக்கு முன்னால், வாசற்படியை ஒட்டி.

ஃபயர் சர்வீஸ்காரர்கள் வந்த பிறகு அந்தக் கதவைத் தட்டித்தான் உன்னை வெளியே கொண்டுவந்ததாக ஜெயராஜ் அண்ணன் சொன்னார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். என் வீட்டுக்காரர் வாசற்படிக்கு இந்தப் பக்கம் கிடந்தாராம். நீ அவரைத் தாண்டித்தான் வெளியே போயிருக்கிறாய்.

நீ உள்ளே இருந்தேன் என்று எழுதினாய். நான் ஏதோ ஒரு வீட்டுக்குள் இருந்ததாக நினைத்துக்கொண்டேன்.

நான் உன்மேல் பழி போட வரவில்லை. உயிருக்குப் பயந்து ஓடுவது யாருக்கும் உள்ளதுதான். ஆனால் அவர் ஏன் கதவுக்கு முன்னால் நெருப்புப் போட்டார் என்பது உனக்குத் தெரியாமல் இருக்காது. நீ அனுப்பிய படங்களை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைப் படத்தில் அவர் எதையும் காட்டவில்லை. முப்பது வருஷம் கூட இருந்தவள், எனக்கு அந்தக் கை தெரியும். வேண்டாம் என்று சொல்கிற கை அது.

சந்திரம்மா


ஜோகுபாளையம்
14-5-2025

சந்திரம்மா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மார்ச் மாதமே எழுதியிருக்க வேண்டும்.

அந்தக் கை என்னைத் தடுத்த கைதான். வெள்ளிக்கிழமை நான் டிரோன் கொண்டுவந்திருந்தேன். சின்னதாகப் பறக்கிற கேமரா அது, மின்விசிறி போலச் சத்தம் போடும். கூட்டை நேருக்கு நேர் எடுக்க அது வேண்டும் என்றேன். அண்ணன் வேண்டாம் என்றார். “மத்தது எதுகிட்ட வேணா போங்க மேடம். ஹெஜ்ஜேனுகிட்ட மட்டும் சத்தம் காட்டக் கூடாது” என்றார். நான் சரி என்றேன்.

சனிக்கிழமை கடைசி நாள். கண்காட்சிக்கு நடுவில் வைக்கப் பெரிய படம் ஒன்று என்னிடம் இல்லை. ஓஸ்வால்ட் சாரிடம் கேட்டேன், பறக்கவிடுங்கள் என்றார். அண்ணன் ஏ பிளாக் பின்னால் வால்வு திறக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்றுதான் அவசரமாக மேலே அனுப்பினேன். எட்டு மணி இருபது நிமிடம். கூட்டின்மேல் அலை இரண்டு தடவை ஓடியது. மூன்றாவது அலை ஓடவில்லை. கூட்டின் மேல்தோல் முழுவதும் கழன்று விழுவதுபோல் தேனீக்கள் கீழே கொட்டின.

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். பம்ப் ரூம் திறந்திருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சிறிது நேரத்தில் அண்ணன் ஓடிவருகிற சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே எதையோ இழுத்துக் குவித்தார். புகை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. என் கதவை மொய்த்த தேனீயை விரட்டத்தான் அவர் நெருப்பு வைத்தார் அக்கா. நெருப்பு பிறகுதான் வந்தது, தேனீ முதலில் வந்தது. பால்கனிக்காரர்கள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தபோது புகைதான் கண்ணில் பட்டிருக்கும்.

பிறகு கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை.

ஃபயர் சர்வீஸ் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

ஆஸ்பத்திரியில் ஓஸ்வால்ட் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாலி இலையைக் கொளுத்தியதாக எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். “நீங்க எதையும் பறக்கவிடலியே?” என்று கேட்டார். அவர்தான் அனுமதி கொடுத்தவர். என்ன பதில் அவருக்கு வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே பதில்தான் வேண்டியிருந்தது. இல்லை என்றேன்.

நீங்கள் தீப்பெட்டியைப் பற்றி எழுதியபோதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வீணாவின் படிப்பைப் பற்றி எழுதினேன்.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் முதலில் கொடுத்தது பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டிரோனில் இருந்த மெமரி கார்டையும் கொடுத்தேன். அதில் நேரம் பதிவாகியிருக்கிறது. தேனீ கிளம்பும்போது கீழே தோட்டம் முழுவதும் தெரிகிறது, எங்கும் புகை இல்லை. என் வாக்குமூலத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. வீணாவும் நாகேஷும் படிக்கட்டும். கேஸ் என்மேல் வரும், வக்கீல் அப்படித்தான் சொல்கிறார். வரட்டும்.

நீங்கள் கொடுத்த தீப்பெட்டியால் அண்ணன் சாகவில்லை. அதனால் நான் பிழைத்தேன்.

என்ன எழுதி முடிப்பது என்று தெரியவில்லை.

வித்யாலட்சுமி


ஸ்ரீராம்புரம்
22-5-2025

வித்யாலட்சுமிக்கு,

கடிதமும் நகலும் வந்தன. நான் ஒரு தடவை படித்தேன். வீணா சத்தமாக ஒரு தடவை படித்தாள். நாகேஷ் நகலை ஜெராக்ஸ் எடுத்துப் போய் அசோசியேஷன் ஆபீஸில் கொடுத்தான். செக்ரட்டரி ஊரில் இல்லை என்று சொன்னார்களாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறான்.

வீணா படித்து முடித்ததும் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது படுத்தது. அதற்குமேல் அதைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன்.

நீ உண்மையைச் சொன்னாய். சொல்ல அறுபத்தைந்து நாள் ஆனது. அந்த அறுபத்தைந்து நாளும் என் மகள் அவள் அப்பாவைக் கவனமில்லாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், நான் அவரை என் கையால் கொன்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ரோஸ் பூவுக்குப் பெயர் எழுதி அனுப்பினாய்.

படங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி வீணா சொன்னாள். நான் அனுப்பவில்லை. அவர் முகம் அதில் இருக்கிறது.

இங்கே வர வேண்டாம். கோர்ட்டில் பார்க்க வேண்டி வந்தால் பார்த்துக்கொள்வோம்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அவர் கதவைத் தட்டினார் என்று எழுதியிருக்கிறாய். அவருக்குச் சும்மா தட்டத் தெரியாது. எங்கள் வீட்டுக் கதவைக்கூடத் தட்டும்போதே பேச ஆரம்பித்துவிடுவார், நான் போய்த் திறப்பதற்குள் பாதி விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பார். உன் கதவைத் தட்டும்போதும் ஏதாவது சொல்லியிருப்பார். நீ அதை எழுதவில்லை.

அவர் கடைசியாகப் பேசியது உன்னிடம். அது எனக்குச் சேர வேண்டியது. அதை மட்டும் எழுது. உன் சமாதானம் எதையும் சேர்க்காதே. அதற்குப் பிறகு எழுத வேண்டாம்.

நா. சந்திரம்மா


ஜோகுபாளையம்
26-5-2025

அக்கா,

இரண்டு தடவை தட்டினார்.

முதல் தடவை, “மேடம், உள்ள இருக்கீங்களா?” என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். “நல்லது. தொறக்காதீங்க, ஜாஸ்தி இருக்குது” என்றார். அதுதான் அவர் பேசியது. போன கடிதத்தில் இதை எழுதினால் அவரே என்னை மன்னித்துவிட்டதுபோல் ஆகிவிடும் என்று எழுதவில்லை.

அதற்கு எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, இரண்டாவது தடவை தட்டினார். அப்போது எதுவும் பேசவில்லை. உள்ளங்கையால் அடித்தார். சத்தம் கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது, உட்கார்ந்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது. திறக்காதீங்க என்று அவர்தானே சொன்னார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு நேரமும் என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது.

வித்யாலட்சுமி